'அச்செத்தா துத்தி' என்று அழுத்துமுன்

பலெர்மோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் கைத்தொலைபேசி இல்லாத குடும்பம் இன்று இல்லை என்றே கூறிவிடலாம். ஊருக்குப் பணம் அனுப்புவதும், கொழும்புக்கு விமானச்சீட்டு எடுப்பதும், மரண அறிவித்தல் பார்ப்பதும், மின்கட்டணம் செலுத்துவதும், பிள்ளைகளின் பாடசாலை அறிவித்தல்களை வாசிப்பதும் அந்தச் சிறு கருவியிலேயே நடைபெறுகின்றன. எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும், பக்கத்தை வாசிக்க விடாது முதலில் ஒரு பெட்டி குறுக்கே வந்து நிற்பதை யாவரும் அறிவர். அதில் இத்தாலிய மொழியிலே சிறிய எழுத்தில் பல வரிகள் இருக்கும். கீழே பெரியதொரு வர்ணப் பொத்தானில் "அச்செத்தா துத்தி" என்றிருக்கும். "எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்" என்பது அதன் பொருள். அவசரத்தில் இருப்பவர் அதனை அழுத்திவிட்டுத் தமது அலுவலைப் பார்க்கின்றார். பெட்டி மறைந்துவிடுகின்றது. அவர் எதனை ஏற்றுக்கொண்டார் என்பது மாத்திரம் அவருக்குத் தெரியாது.

அந்தப் பெட்டி அனுமதி கேட்பது "குக்கி" என்னும் ஒன்றுக்காக. குக்கி என்றால் அமெரிக்கரின் வழக்கில் பிஸ்கற். இத்தாலியரும் அச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே வழங்குகின்றனர். இதில் தின்பதற்கு ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நன்று.

நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மகோற்சவ காலத்தில் அடியார்களின் பாதணிகளை வாங்கி வைக்கும் இடங்களை மூத்தோர் பலர் நினைவில் வைத்திருப்பர். பாதணியைக் கொடுத்தால் அங்கிருப்பவர் இலக்கமிட்ட ஒரு தகட்டைக் கையில் தருவார். அவருக்கு அடியாரின் பெயர் தெரியாது, முகமும் நினைவில் நில்லாது. ஆனால், தகட்டைத் திருப்பிக் காட்டியவுடன் எந்தப் பாதணி எவருடையது என்பது தெரிந்துவிடும். குக்கியும் அத்தகையதொரு தகடுதான். இணையத்தளம் ஒன்று தன்னிடம் வருபவரின் கைத்தொலைபேசிக்கோ கணினிக்கோ சில எழுத்துகளும் எண்களும் கொண்ட சிறு குறிப்பொன்றை அனுப்புகின்றது. குறோம், சபாரி, பயர்பொக்ஸ் போன்ற உலாவிகள் அதனை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதே தளத்துக்குச் செல்லும்போது தாமாகவே திருப்பிக் காட்டுகின்றன. அக்குறிப்பு மிகச் சிறியது. உலாவிகள் பொதுவாக 4096 பைற்று அளவுக்கு மேற்பட்ட குக்கியை ஏற்பதில்லை. அது இயங்கக்கூடிய செயலியும் அன்று, வைரசும் அன்று. கைத்தொலைபேசியைப் பழுதாக்கிவிடும் என்று சிலர் அஞ்சுவதற்குக் காரணம் கிடையாது.

இப்படி ஒரு தகடு ஏன் வேண்டும் என்ற வினா எழலாம். இணையத்தின் இயல்பு அப்படி. ஒரு தளத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, பின் அடுத்த பக்கத்தைத் திறந்தால், இரண்டையும் கேட்டவர் ஒருவரே என்பது அந்தத் தளத்துக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் புதிதாய் வந்தவரைப் போலவே அது நோக்கும். 1994ஆம் ஆண்டில், கலிபோர்னியாவில் நெற்ஸ்கேப் என்ற நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி என்னும் இளைஞர் இக்குறைக்குப் பரிகாரமாகவே குக்கியை உருவாக்கினார். இணையத்தில் கடை வைக்க விரும்பிய ஒரு நிறுவனம், வாங்குவோர் பாதி தெரிந்தெடுத்து வைத்த பொருள்களின் கணக்கைத் தன் கணினியில் வைத்திருக்க விரும்பாது, அதனை வாங்குபவரின் கணினியிலேயே வைத்துவிட வழி கேட்டது. கணினி வல்லுநர்கள் தமக்குள் "மந்திரக் குக்கி" என்று வழங்கிய பழைய பெயரையே அவர் எடுத்துக்கொண்டார். அதே ஆண்டின் இறுதியில் நெற்ஸ்கேப் உலாவி குக்கியுடன் வெளிவந்தது.

பலெர்மோ நகரின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள சியாகுல்லியை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஏனைய இடங்களில் மண்டரின் பழக்காலம் முடிந்து போனபின், ஜனவரியிலிருந்து பழுத்து வரும் "தர்தீவோ தி சியாகுல்லி" என்ற பிந்திய மண்டரினுக்கு அவ்வூர் பேர்போனது. ஊரில் தோடம்பழம் உரித்துத் தின்று பழகியவர்களுக்கு அதன் மெல்லிய தோலும் இனிப்பும் விசேடமாகத் தோன்றும். அப்பழத்தை இணையக் கடையொன்றில் வாங்க எண்ணி, மிலானோவில் இருக்கும் மகளுக்கு அனுப்புவதற்காக ஒருவர் ஐந்து கிலோப் பெட்டியொன்றைக் கூடையில் போடுகின்றார் என்று கொள்ளலாம். பின் விலாசம் எழுதும் பக்கத்துக்குச் செல்கின்றார். குக்கி இல்லாவிடில் அவர் அப்பக்கத்தை அடையும்போது கூடை வெறுமையாகிவிடும். வங்கிக் கணக்கினுள் கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவர் அடுத்த பக்கத்துக்குப் போனவுடன் வெளியே தள்ளப்படுவார். "ஸ்பீட்" என்னும் அரசாங்க அடையாளத்தைக் கொண்டு இன்ப்ஸ் தளத்தில் ஓய்வூதிய விபரம் பார்ப்பவருக்கும் அதே கதிதான். ஆகவே இவ்வகைக் குக்கிகள் இன்றியமையாதவை. இத்தாலியில் இவற்றைத் "தெக்னிச்சி", அதாவது தொழினுட்பக் குக்கிகள் என்பர். "நெச்செஸ்ஸாரி", அவசியமானவை, என்று எழுதியிருப்பதும் உண்டு. இவற்றுக்கு எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. கேட்பதும் இல்லை.

அப்படியாயின் பெட்டி எதற்கு?

ஒரு தளம் கொடுத்த குக்கியை வேறொரு தளம் வாசிக்க முடியாதவாறே மொன்டுல்லி அதனை அமைத்திருந்தார். நல்லூரில் வாங்கிய தகட்டை மாவிட்டபுரத்தில் காட்டிப் பயனில்லை என்பது போல. ஆனால், விளம்பர நிறுவனங்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டன. ஒரு செய்தித்தளத்தின் பக்கத்திலே விளம்பரப் படம் ஒன்று இருந்தால் அப்படம் அச்செய்தித்தளத்திலிருந்து வருவதில்லை. விளம்பர நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகின்றது. படத்தோடு சேர்த்து அந்நிறுவனம் தன் தகட்டையும் கொடுத்துவிடுகின்றது. அதே நிறுவனத்தின் படம் விமானச்சீட்டு விற்கும் தளத்திலும், மருத்துவக் குறிப்புத் தளத்திலும், சமையல் தளத்திலும் இருக்குமாயின், அவர் போகுமிடமெல்லாம் ஒரே தகடு காட்டப்படும். வாசலுக்கு வாசல் வேறு வேறு கடைகள் இருந்தாலும், எல்லா வாசலிலும் ஒரே ஆள் நின்று கணக்கெழுதுவதற்கு இது ஒப்பாகும். இவையே மூன்றாந் தரப்புக் குக்கிகள். இத்தாலியில் "தெர்ட்ஸே பார்த்தி" என்பர். இவற்றைக் கொண்டு ஒருவரின் விருப்பு வெறுப்புகளைத் தொகுப்பதை "புரொஃபிலட்சியோனே" என்பர். பெட்டியில் இவ்விரு சொற்களில் ஏதேனும் கண்ணிற் பட்டால் கையைச் சற்று நிறுத்தவேண்டும்.

குக்கி பிறந்தபோது அதைப்பற்றிப் பொதுமக்களுக்கு எவரும் சொல்லவில்லை. 1996 பெப்ரவரி 12ஆம் திகதி லண்டன் பினான்சியல் ரைம்ஸ் பத்திரிகை எழுதிய பின்னரே உலகம் அறிந்தது. இணையத்தின் ஒழுங்குகளை வகுக்கும் பொறியியலாளர் குழு 1997 பெப்ரவரியில் வெளியிட்ட விதிகளில், மூன்றாந் தரப்புக் குக்கிகளை உலாவிகள் தாமாக ஏற்கக்கூடாது என்று கூறியது. அன்று பெரிய உலாவிகளாய் இருந்த இரண்டும் அதனைப் பின்பற்றவில்லை. அன்று பின்பற்றியிருந்தால் இன்றைய பெட்டிகளில் பெரும்பாலானவை தோன்றியே இரா.

சியாகுல்லியில் குடியிருக்கும் தமிழர் ஒருவர் ஒரு வாரத்தில் பார்ப்பவற்றை எண்ணிப் பார்க்கலாம். காலையில் ஊர்ச் செய்தி. பின் நீரிழிவுக்கு ஏற்ற உணவு எது என்று ஒரு தேடல். ஓகஸ்டில் கொழும்பு செல்ல விமானச்சீட்டு விலை. ஆலயத் திருவிழா நிகழ்ச்சி நிரல். மொன்தே பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோவில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது. பலெர்மோவில் இந்துக் குடும்பங்கள் அம்மலைக்குச் சென்று வணங்குவது புதிய விடயம் அன்று. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே அற்ப விடயங்கள். ஒரே பேரேட்டில், ஒரே இலக்கத்தின் கீழ் எழுதப்படும்போது, "தமிழ் வாசிப்பவர், இந்து, நீரிழிவு உள்ளவராகலாம், ஓகஸ்டில் வீட்டில் இரார்" என்று ஒரு மனிதனின் உருவம் அங்கே எழுந்துவிடுகின்றது. பேரேட்டில் இலக்கந்தானே உண்டு, பெயர் இல்லையே என்று ஆறுதல் கொள்வாருமுளர். எங்கேனும் ஒரு தளத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து நுழைந்த வேளையில் இலக்கமும் பெயரும் சந்தித்துக்கொள்ளக்கூடும்.

பட்டியல் என்பது என்ன செய்யவல்லது என்பதை இலங்கைத் தமிழருக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. அப்பட்டியல்கள் தேர்தலுக்கென்றே தொகுக்கப்பட்டவை. விளம்பர நிறுவனத்தின் பேரேட்டை அதனோடு ஒப்பிடுவது மிகைப்படுத்தலாகும். ஆயினும், ஒன்றுக்கெனத் திரட்டிய விபரம் வேறொன்றுக்கு உதவிவிடும் என்பது இச்சமூகத்துக்கு வெறும் ஏட்டறிவு அன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் இயற்றி 2018 மே 25ஆம் திகதி முதல் நடைமுறைப்படுத்திய தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதனையே ஓர் அடிப்படை விதியாக வைத்திருக்கின்றது. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற விபரத்தை அதற்குப் பொருந்தாத இன்னொரு நோக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது. அர்ச்சனைக்கென்று கொடுத்த பெயரையும் நட்சத்திரத்தையும் சாத்திரக்காரருக்கு விற்கலாகாது என்று சொன்னால் எவருக்கும் விளங்கும். சமயம், அரசியற் கருத்து, உடல்நலம் ஆகியவை பற்றிய விபரங்களை அச்சட்டம் தனியாகப் பிரித்து, மேலும் இறுக்கமான காவலில் வைத்துள்ளது.

குக்கிக்கு அனுமதி பெறவேண்டும் என்ற விதி அதற்கும் முந்தியது. 2002ஆம் ஆண்டு ஐரோப்பியக் கட்டளை ஒன்றை 2009இல் திருத்தியபோதே, அவசியமற்ற குக்கியை வைக்குமுன் சம்மதம் பெறவேண்டும் என்று எழுதப்பட்டது. இத்தாலியில் இதனைக் கண்காணிப்பது உரோமில் உள்ள "கரான்தே", அதாவது தனிமனித தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை. இச்சபை 1996ஆம் ஆண்டின் 675ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. இது 2014 மே 8ஆம் திகதி வெளியிட்ட முதல் ஒழுங்கின்படி, பெட்டியைக் கவனியாது பக்கத்தைக் கீழே உருட்டினாலே சம்மதித்ததாகக் கொள்ள இடமிருந்தது. உருட்டுவதற்கும் உடன்படுவதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்று கேட்டவர் பலர். 2019 ஒக்டோபர் 1ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஜெர்மனியில் ஒரு அதிட்டச் சீட்டுத் தளம் சம்பந்தமான வழக்கில், முன்கூட்டியே சரி அடையாளம் இட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் கரான்தே 2021 யூன் 10ஆம் திகதி புதிய வழிகாட்டலை நிறைவேற்றியது. தளங்கள் தம்மைச் சீர்செய்துகொள்ள ஆறு மாதங்கள் கொடுக்கப்பட்டன. 2022 ஜனவரி 10 முதல் இத்தாலியில் அதுவே நடைமுறை.

அந்த வழிகாட்டல் சாதாரண வாசகருக்குக் கொடுத்திருக்கும் உரிமைகளைப் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. பெட்டியின் வலப்பக்க மேல் மூலையைப் பார்க்கவேண்டும். அங்கே சிறியதொரு பெருக்கற் குறி இருக்கவேண்டும் என்பது விதி. அதனை அழுத்திப் பெட்டியை மூடினால், அவசியமான தொழினுட்பக் குக்கிகள் மாத்திரம் இருக்க, மற்றெல்லாம் மறுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். சில தளங்களில் குறிக்குப் பதிலாகவோ குறியோடு சேர்த்தோ "கொந்தீனுவா சென்ஸா அச்செத்தாரே" என்ற வாசகம் இருக்கும். "ஏற்காமலே தொடர்க" என்பது பொருள். "ரிஃபியூத்தா துத்தி" என்றிருந்தால் "எல்லாவற்றையும் மறு". இவற்றில் எதனை அழுத்தினாலும் பக்கத்தை வாசிப்பதற்குத் தடை ஏதும் வராது. ஏற்காவிடில் தளம் திறக்காது என்ற பயத்தினாலேயே பலர் "அச்செத்தா துத்தி"யை அழுத்துகின்றனர். அந்தப் பயம் பெரும்பாலும் தேவையற்றது.

கீழே உருட்டுவது இப்பொழுது சம்மதம் ஆகாது. ஒருவர் மறுத்துவிட்டால், நிலைமைகள் கணிசமாக மாறினாலன்றி, ஆறு மாதம் கழியுமுன் மீண்டும் பெட்டியைக் காட்டித் தொந்தரவு செய்யலாகாது. முன்னர் ஏற்றவர் பின்னர் மனம் மாறினால் அதற்கும் வழி வைத்திருக்கவேண்டும். பக்கத்தின் அடியில் குக்கி என்ற பெயரோடு ஓர் இணைப்போ சிறு சின்னமோ இருக்கும். அதனை அழுத்தினால் பழைய பெட்டி திரும்ப வரும். "பெர்சொனலீட்ஸா" அல்லது "ஜெஸ்தீஷி" என்ற பொத்தான் தனித்தனியே தெரிவு செய்வதற்கானது. பொறுமையுள்ளவர்கள் அதனுள் சென்று பார்க்கலாம். உள்ளே "லெஜித்திமோ இந்தெரெஸ்ஸே" என்ற தலைப்பில், அதாவது "நியாயமான அக்கறை" என்ற பெயரில், சில கட்டங்கள் ஏற்கனவே திறந்து வைக்கப்பட்டிருப்பதும் உண்டு. பெயர் அழகாயிருக்கின்றது. விளம்பரக் குக்கிக்கு அந்த நியாயம் செல்லாது என்று கரான்தே 2021இலேயே கூறிவிட்டது. அவற்றையும் மூடிவிடலாம்.

எனினும் விதி இருப்பதும் விதிப்படி நடப்பதும் வேறு. ஏற்பதற்கு ஒரு பெரிய பச்சைப் பொத்தானும், மறுப்பதற்கு நாலு பக்கம் கடந்து போகும் சுற்றுவழியும் வைத்த தளங்கள் ஏராளம். பிரான்சின் அதிகாரசபை இக்காரணத்துக்காகவே 2021 டிசம்பர் 31ஆம் திகதியிட்ட தீர்மானங்களால் கூகுளுக்கு 15 கோடி யூரோவும், பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்தது. ஏற்பது ஓர் அழுத்தில் முடியுமாயின் மறுப்பதும் அவ்வளவு இலகுவாயிருக்கவேண்டும் என்பதே அதன் வாதம். கூகுள் 2022 ஏப்ரலில் ஐரோப்பாவில் "எல்லாவற்றையும் நிராகரி" என்ற பொத்தானைக் கொண்டுவரத் தொடங்கியது. தண்டத்தின் வலிமை அத்தகையது.

இத்தாலியப் பத்திரிகைகளின் கதை வேறு. 2022 ஒக்டோபரில் அவற்றுட் சில, "குக்கியை ஏற்றுக்கொள், அல்லது சந்தா கட்டு" என்று வாசகர் முன் வைத்தன. கரான்தே அதனை ஆராயத் தொடங்கியது. இத்தகைய பெட்டி வந்தால் மறுப்புப் பொத்தான் கண்ணுக்குத் தெரியாது. அதே செய்தியை வேறொரு பத்திரிகையிலோ தொலைக்காட்சித் தளத்திலோ பார்த்துக்கொள்வதே அதிகம் செலவில்லாத வழி.

இது இவ்வாறிருக்க, யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்து நடத்தப்படும் தமிழ்த்தளங்கள் பலவற்றில் பெட்டியே வருவதில்லை. இலங்கை 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமாகவும், இந்தியா 2023இலும் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. ஆயினும் ஐரோப்பாவில் உள்ளவாறு ஒவ்வொரு தளத்திலும் கேட்டுவிட்டுக் குக்கி வைக்கும் வழக்கம் அங்கு வேரூன்றவில்லை. பெட்டி வராமை குக்கி இல்லாமைக்கு அடையாளமன்று. கேளாமலே வைத்திருக்கலாம். ஆதலால் பலெர்மோவில் இருந்து ஊர்ச் செய்தி வாசிப்பவர்கள் சட்டத்தை மாத்திரம் நம்பியிராது, தமது உலாவியிலேயே கதவைப் பூட்டிக்கொள்வது அவசியம். இது ஒரு தடவை செய்யும் வேலை. இரண்டு நிமிடம் போதும்.

ஐபோனில் உள்ள சபாரி உலாவி 2020 மார்ச் முதல் மூன்றாந் தரப்புக் குக்கிகளைத் தானாகவே தடுத்து வருகின்றது. அதனைப் பாவிப்பவர்கள் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. பயர்பொக்ஸ் 2022 யூன் முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனிச் சாடியில் அடைத்து வைக்கின்றது. ஒரு சாடியில் உள்ளது மற்றதற்குத் தெரியாது. குறோம் விடயத்திற்றான் பாவனையாளரே முயலவேண்டும். மூன்றாந் தரப்புக் குக்கிகளை இரண்டு ஆண்டுகளில் ஒழிப்பதாகக் கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. பின் தள்ளிப்போட்டது. மீண்டும் தள்ளிப்போட்டது. 2024 யூலையில் அத்திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தால் வாழும் நிறுவனம் விளம்பரத்தின் வேரைத் தானே வெட்டும் என்று எதிர்பார்த்ததும் சற்று அதிகந்தான். குறோமின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, "இம்பொஸ்தட்சியோனி" என்ற அமைப்புகளுக்குச் செல்லவேண்டும். கணினியாயின் அங்கே "பிரைவசி எ சிக்குரெட்ஸா" என்ற பகுதிக்குள்ளும், அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியாயின் தளங்களுக்கான அமைப்புகளுக்குள்ளும், "குக்கி தி தெர்ட்ஸே பார்த்தி" என்ற தலைப்பு இருக்கும். அதனைத் திறந்து "புளொக்கா" என்று தொடங்கும் வரியைத் தெரிவுசெய்தால் அலுவல் முடிந்தது. மூத்தோருக்குப் பேரப்பிள்ளைகள் இதனைச் செய்து கொடுக்கலாம்.

ஆர்வத்தில் எல்லாக் குக்கிகளையும் தடுத்துவிடலாகாது. அப்படிச் செய்தவர்களின் வங்கித்தளம் திறக்காது, ஸ்பீட் வேலை செய்யாது, மண்டரின் கூடையும் வெறுமையாகும். அவ்வாறே, வாரந்தோறும் குக்கிகளை எல்லாம் அழிப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. "இவர் மறுத்துவிட்டார்" என்பதைத் தளம் நினைவில் வைத்திருப்பதும் ஒரு குக்கியின் உதவியினாலேயே. அதனையும் சேர்த்து அழித்துவிட்டால், ஆறு மாதம் வராதிருக்கவேண்டிய பெட்டிகள் மறுநாளே வரிசையாய் வந்து நிற்கும். மூன்றாந் தரப்பைத் தடுத்து, தளத்துக்குரியதை விட்டுவைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. மறந்து கிடக்கும் பழைய குக்கிகளைப் பற்றியும் அதிகம் கவலைப்படவேண்டியதில்லை. குறோம் 2022 முதல் எந்தக் குக்கியையும் 400 நாள்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை.

பொதுக்கணினி பாவிப்போர் மாத்திரம் விசேட கவனம் எடுக்கவேண்டும். ஒரு தளத்தினுள் கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவுடன் தரப்படும் குக்கி, கதவின் திறப்புக்குச் சமானம். தொலைபேசிக் கடையிலோ, நூலகத்திலோ, நண்பர் வீட்டிலோ வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு உலாவியை அப்படியே விட்டு எழுந்து வந்தால், அடுத்து அமர்பவரின் கையில் அத்திறப்பு இருக்கும். அவருக்குக் கடவுச்சொல் தேவையே இல்லை. "எஷி" என்ற பொத்தானை அழுத்தி முறைப்படி வெளியேறவேண்டும். அதனிலும் நன்று, உலாவியின் மறைவுச் சாளரத்தைத் திறந்து வேலை செய்வது. அச்சாளரங்கள் எல்லாவற்றையும் மூடியவுடன் அதில் வந்த குக்கிகள் அழிந்துவிடும். மறைவு என்ற பெயரைக் கண்டு மயங்கவும் கூடாது. அக்கணினியில் தடம் இராதே தவிர, சென்ற தளத்துக்கும் இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்துக்கும் சென்றது தெரியும். யூரியூப்பிலோ பேஸ்புக்கிலோ பெயரோடு நுழைந்து இருப்பவரை அடையாளம் காண அந்நிறுவனங்களுக்கு மூன்றாந் தரப்புக் குக்கி எதுவும் வேண்டியதுமில்லை.

இனி ஆலயங்களும் மன்றங்களும் நடத்தும் தளங்களுக்கு வருவோர் பற்றி ஒரு வார்த்தை. திருவிழா ஒளிப்பதிவை யூரியூப்பிலிருந்து எடுத்துப் பக்கத்தில் ஒட்டுவதும், பேஸ்புக் பொத்தானை வைப்பதும், ஆலயத்துக்கு வழி காட்ட கூகுள் வரைபடத்தைப் பதிப்பதும் இன்று சாதாரணம். அவை ஒவ்வொன்றின் ஊடாகவும் அந்நிறுவனங்கள் ஆலயத்தளத்தின் வாசலில் வந்து நிற்கின்றன. ஓர் இந்து ஆலயத்தின் தளத்துக்கு ஒருவர் வந்தார் என்ற செய்தியே அவரின் சமயத்தைச் சொல்லிவிடக்கூடும் என்பதை முன்னர் கண்டவற்றோடு சேர்த்து எண்ணவேண்டும். ஜெர்மனியில் இணையத்தில் உடுப்பு விற்ற ஒரு நிறுவனம் பேஸ்புக் பொத்தானைத் தன் தளத்தில் வைத்தது சம்பந்தமான வழக்கில், 2019 யூலை 29ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபரங்களைத் திரட்டி அனுப்பும் அந்தக் கட்டத்துக்குப் பொத்தானை வைத்த தளமும் பேஸ்புக்கோடு கூட்டாகப் பொறுப்பாளி என்பதே அத்தீர்ப்பு. அறியாமற் செய்தோம் என்பது அங்கு விடையாகவில்லை.

இதற்குச் செலவேதும் இல்லாத பரிகாரங்கள் உண்டு. பொத்தானுக்குப் பதிலாகச் சாதாரண இணைப்பு ஒன்றை எழுதிவிட்டால், அழுத்துபவர் மாத்திரம் பேஸ்புக்குக்குப் போவார். வரைபடத்துக்குப் பதிலாக வீதியின் பெயரும் பேருந்தின் இலக்கமும் எழுதினால் போதும், அல்லது வரைபடத்தைப் படமாக எடுத்துப் போடலாம். யூரியூப் ஒளிப்பதிவை ஒட்டும்போது, முகவரியில் யூரியூப் என்ற சொல்லுக்குப் பின் "நோ குக்கி" என்று சேர்ந்த ஒரு வடிவத்தை அந்நிறுவனமே வைத்திருக்கின்றது. ஒட்டுவதற்கான வரியை எடுக்கும் இடத்தில், தனியுரிமை என்ற சொல்லோடு உள்ள கட்டத்தில் சரி அடையாளம் இட்டால் அது கிடைக்கும். அவ்வாறு ஒட்டியபின் ஒளிப்பதிவை வருபவர் அழுத்தும்வரை பக்கம் அமைதியாய் இருக்கும். தளத்தைப் பராமரிக்கும் இளைஞர்கள் ஒரு மாலைப்பொழுதில் பழைய பக்கங்களையும் இவ்வாறே மாற்றிவிட முடியும்.

மறுத்தும் கேளாது, மறுக்க வழியே வையாது நடக்கும் தளங்களைப் பற்றிக் கரான்தேயிடம் முறையிட எவருக்கும் உரிமை உண்டு. இத்தாலியக் குடியுரிமை பெற்றிருக்கவேண்டும் என்பதில்லை. முறைப்பாட்டை "ரெக்லாமோ" என்பர். அதற்குக் கட்டணம் கிடையாது, சட்டத்தரணியும் தேவையில்லை. தளத்தின் பெயர், பார்த்த திகதி, பெட்டியின் படம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பவேண்டும். கைத்தொலைபேசித் திரையை அவ்வேளையிலேயே படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மறுநாள் அந்தப் பெட்டி வேறு முகத்தோடு வரக்கூடும்.